முன்னறைக் கட்டில்

ஜன்னலைச் சாத்தியும் இடுக்கு வழியாக வெயில் புகுந்து, புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழும் வரைபடத்தைப் பாதி அழிக்கிறது. மிச்சமிருக்கும் கோடுகளைக் குச்சியால் காட்டி ஆராய்ச்சிக்கார டாக்டரம்மா மூச்சுவிடாமல் பேசுகிறார். ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த தம்பதிகள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெளிகிறார்கள். கடைசி வரிசையில் லாரி மெக்கானிக் நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். வந்திருக்கும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி.; இந்த ஜோடியில் அது அவருக்குத்தான், மனைவிக்கு இல்லை. அவளுக்கும் வந்துவிடுமோ என்று பயந்து முன்னறையில் தனிக் கட்டில் போட்டுக்கொண்டவர் அவரேதான். "மாத்திரையால ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறைஞ்சவங்ககிட்டேருந்து துணைக்குத் தொத்துற வாய்ப்பு, புள்ளிவிவரப்படி பார்த்தா..." என்று டாக்டரம்மா இழுக்க, மெக்கானிக்கின் மனைவி விருட்டென்று எழுந்து நிற்கிறாள். "சுத்தி வளைக்காம சொல்லுங்கம்மா. இவருக்குக் கிருமி தெரியலைன்னுதான் ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் வருது. ஒண்ணா படுத்தா எனக்கு வருமா, வராதா?" மெக்கானிக்கின் காதுமடல் சுடுகிறது. டாக்டரம்மா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு, சுவரை விட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார். "வராதும்மா. அவர் மாத்திரையை விடாம போட்டு, இப்படியே ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வராது. இத்தனை ஜோடியில ஒருத்தருக்குக்கூட அப்படி வரலை." அறையே மூச்சு விடுகிறது. தோளிலிருந்து ஒரு முழு எஞ்சினை இறக்கி வைத்ததுபோல் மெக்கானிக் நாற்காலியில் சரிகிறார். மனைவி உட்கார்ந்து, அவர் பக்கம் திரும்பாமலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுக்கிறாள். "அந்தக் கட்டிலை இன்னிக்கே தூக்கிப் போடுங்க. வீடு கூட்டும்போதெல்லாம் கால்ல இடிக்குது."