இருபதாம் நாள் அடை

விலங்குகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் கோழி டீச்சராக இருந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியர் கொக்கிடம் போய் நின்றது.

"சார், இத்தனை நாளும் அடையில உட்கார்ந்தபடியே பாடம் நடத்திட்டேன். நாளைக்கு இருபதாம் நாள். மறுநாள் குஞ்சு பொரிச்சிடும். நாளைக்குப் பயிற்சிக்கு மட்டும் லீவு வேணும்."

"அது ஆசிரியர் மனநலப் பயிற்சி, டீச்சர். பக்கத்து ஊர் மண்டபத்துல. காலையில ஒரு கையெழுத்து, சாயங்காலம் ஒரு கையெழுத்து. மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண முடியும்?"

மறுநாள் கோழி முட்டைகளை வைக்கோலால் மூடிவிட்டுப் போனது.

பயிற்சியாளர் மயில் எல்லா மதப் பிரார்த்தனையும் சொல்லித் தொடங்கியது. கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னது. பண்பாட்டு வகுப்பில் திரையில் ஒரு படம் போட்டது: முட்டைகள் மேல் ஒரு தாய்க்கோழி.

"தன்னையே மறந்து அடைகாக்கிறாளே, இவதான் நம்ம பண்பாடு!"

மண்டபமே கைதட்டியது. கோழி எழுந்து வாசலைப் பார்த்தது.

"உட்காருங்க டீச்சர், இப்பதான் முக்கியமான இடம்" என்றது கொக்கு.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டதும் கோழி ஓடியது. ஒன்பது முட்டைகளும் சில்லிட்டுக் கிடந்தன. ஞாயிறு முழுக்க மேலேயே படுத்திருந்தது. ஒன்றுகூட அசையவில்லை.

திங்கட்கிழமை கொக்கு அதைத் தனியே கூப்பிட்டது.

"கேள்விப்பட்டேன் டீச்சர். மனசு உடைஞ்சு போயிடாதீங்க. இழப்பைத் தாங்குறது எப்படின்னு வர்ற சனிக்கிழமை ஒரு பயிற்சி இருக்கு. உங்க பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன்."