ஒரு வாளிக் காற்று

"கேட்டீங்களா, மறுபடியும் கொட்டுறாங்க!" என்றார் திருநாவுக்கரசு.

மேல்வீட்டிலிருந்து கழிவுக் குழாய் வழியாகத் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. பக்கத்தில் நின்ற ஃபிளாட் சங்கத் தலைவர் கார்த்திகேசு அண்ணாந்து பார்த்தார்.

"நாள் முழுக்க மெஷின் சத்தம். ஜன்னல் எந்நேரமும் மூடியிருக்கு. வீடு நிறைய கொடி கட்டித் துணி. உள்ளுக்குள்ள டோபி கடை நடத்துறாங்க தலைவரே! வாடகைக்கு வந்தவங்களுக்கு இவ்வளவு தைரியமா?"

"உண்மையா இருந்தா காலி பண்ணச் சொல்லிடலாம்லா. வாங்க, பாப்போம்."

கதவைத் திறந்தவள் பிரமிளா. மூச்சு வாங்கியது. கையில் இழுப்புக்கான பம்ப். பின்னால் கணவன் குணாளன், மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் சட்டையோடு.

"மெஷின் எங்க?" என்றார் திருநாவுக்கரசு.

அறை மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"இது துணி துவைக்கிறது இல்ல மாமா. காத்துல உள்ள ஈரத்தை எடுக்கும். சுவரெல்லாம் பூஞ்சை பிடிச்சு இவளுக்கு இழுப்பு வந்துடுச்சு."

"காத்துலேர்ந்து தண்ணியா? யார்கிட்ட கதை விடுற?"

"ஜில்லுன்னு தே ஐஸ் குடிக்கிறப்ப கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்குதில்ல? அதேதான். உள்ள ஜில்லுன்னு குழாய் இருக்கு. காத்து அதுமேல பட்டா ஈரம் தண்ணியாச் சொட்டும். காய்ஞ்ச காத்து வெளிய வரும். இப்பதான் ஒரு வாளி கொட்டினேன். நின்னு பாருங்க."

திருநாவுக்கரசு குனிந்து பெட்டிக்கு அடியில் இருந்த வாளியைப் பார்த்தார்.

சொட்டு. இன்னொரு சொட்டு.

கையை நீட்டிக் காற்றைத் துழாவினார். விரல் நனையவில்லை.

"ஒரு வாளித் தண்ணி... கண்ணுக்கே தெரியாம இந்த ரூம்புலயா நின்னுச்சு?" குரல் இறங்கிவிட்டது. "இதையா நாம மூச்சா இழுக்கிறோம்?"

"ஜன்னலை மூடித்தான் ஓட்டணும் மாமா. திறந்தா பினாங்கு முழுக்கக் காயவைக்கணும்."

திருநாவுக்கரசுகூடச் சிரித்துவிட்டார். கார்த்திகேசு சிரிக்கவில்லை.

"ஈரத் துணியை உள்ள போட்டா ஈரம் எப்படித் தம்பி குறையும்? எல்லாரும் மூங்கில் கம்புல கோத்து ஜன்னலுக்கு வெளிய நீட்டுறாங்க. உங்களுக்கு என்ன?"

குணாளன் மனைவியைப் பார்த்தான்.

"வேணாங்க, விடுங்க," என்றாள் பிரமிளா.

"சொல்லும்மா."

"என் சேலையிலேர்ந்து சொட்டின தண்ணி, கீழ மாமா வீட்டு ஜன்னல்ல காயவெச்ச மோர்மிளகாத் தட்டுல விழுந்துடுச்சு. மாமா வாசல்ல நின்னு கத்தினாங்க. அது பரவால்ல. அத்தை கஷ்டப்பட்டுப் போட்ட மிளகா பூரா வீணாப் போச்சேன்னுதான்... அதிலேர்ந்து துணியை வெளிய போடறதில்ல."

மேலே பேச முடியாமல் பம்பை வாயில் வைத்தாள்.

திருநாவுக்கரசு படியிறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கீழ் ஜன்னலிலிருந்து அவர் சத்தம் கேட்டது.

"டேய் குணாளா! மிளகாத் தட்டை உள்ள எடுத்துட்டேன். கம்பை வெளிய நீட்டுடா!"