எழுதத் தோதான இடம்

"ஏம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுக் கொழுந்து எடுக்க முடியாதா? இங்க ஒருத்தன் எழுதிக்கிட்டு இருக்கேன்ல?"

பங்களா ஜன்னலைத் திறந்து எழுத்தாளர் ஜீவராஜ் போட்ட சத்தத்தில், தேயிலைச் சரிவில் நின்ற இருபது பெண்களும் கப்சிப்பென்று ஆனார்கள்.

"சரிங்க சார்" என்றாள் முன் நிரையில் நின்ற நாகலெட்சுமி.

ஜன்னலை அறைந்து சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

எழுத ஓர் இடம் பிடிக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கொழும்பு வீட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உடப்புசல்லாவைக்கு வந்து அருவிக்கரையில் உட்கார்ந்தால் அருவி இரைந்தது. பூந்தோட்டத்து பெஞ்சில் அட்டை ஏறியது. கடைசியில், சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் இந்தப் பழைய துரை பங்களாவின் ஜன்னலோர மேசைதான் மனசுக்குப் பிடித்துப்போனது. லேப்டாப்பையும் தேநீர்க் கோப்பையையும் சேர்த்துப் படம் பிடித்து, 'என் மக்களின் நடுவே' என்று ஃபேஸ்புக்கில் போட்டார். முந்நூறு லைக்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்தான். பத்து வயதில் ஊரை விட்டுப் போனவர், அதன் பிறகு மேடையில் மைக்கைப் பிடிக்கும்போது மட்டும் லயத்துக்காரராகிவிடுவார்.

வெள்ளிக்கிழமைக்குள் போட்டிக்குக் கதை போயாக வேண்டும். மூன்று வருஷமாக ஒரு பரிசும் கிடைக்கவில்லை. இந்த வருஷமும் கோட்டை விட்டால் கூட்டங்களுக்குக் கூப்பிட ஆள் இருக்காது. தலைப்பு மட்டும் தயாராக இருந்தது: 'பேசாத கொழுந்து'. வாயில்லாப் பூச்சிகளான தோட்டத்துப் பெண்களின் மௌன வலி.

அந்த வாயில்லாப் பூச்சிகளோ மகள் கல்யாணம், மாமியார் சண்டை, டிவி நாடகம் என்று காலையிலிருந்து மலை அதிரப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனுஷன் எப்படி மௌனத்தை எழுதுவது?

"அமைதின்னா என்னன்னே தெரியாத சனம்!" தேநீர் கொண்டுவந்த பங்களாக் காவலாளி பொன்னையாவிடம் சலித்துக்கொண்டார்.

"எதைப் பத்திங்க சார் எழுதுறீங்க?"

"இவங்களைப் பத்தித்தான்யா!"

பொன்னையா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஒரு சத்தம் இல்லை. 'ஒரு அதட்டு போட்டாத்தான் இதுகளுக்குப் புரியும்' என்று ஜீவராஜ் நினைத்துக்கொண்டார். வெளியே பனி மூடி ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. கதை மளமளவென்று மூன்று பக்கம் ஓடியது. 'மௌனம்' மட்டும் ஏழு இடத்தில் வந்தது. முடிவுதான் வந்து மாட்டவில்லை.

பதினொரு மணிக்குப் பொன்னையா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், நம்ம பொம்பளைங்களைக் குளவி கொட்டிருச்சு! எட்டுப் பேரை லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க!"

"அடடா!" என்றார் ஜீவராஜ்.

அது இரக்கத்தில் வந்த அடடா இல்லை. குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உடனே ஒரு ஆட்டோவைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாகலெட்சுமியை அடையாளமே தெரியவில்லை. முகம் வீங்கிக் கண்கள் இரண்டும் மூடிக் கிடந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த இளம்பெண் ஷாமிலாவுக்கு நாலைந்து கொட்டுதான். நாகலெட்சுமி தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவளைப் போர்த்திவிட்டிருந்தாள்.

ஜீவராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பேனாவைத் திறந்தார்.

"எந்த இடத்துலம்மா கொட்டிச்சு?"

"ஒன்பதாம் நம்பர் மலையிலிங்க சார்."

"அங்க குளவிக்கூடு இருக்கிறது தெரியாதா?"

"தெரியுங்க. காடு மண்டிக் கெடக்குது. நாலு மாசமா யாருமே அந்தப் பக்கம் போறதில்லைங்க."

"தெரிஞ்சுக்கிட்டா போனீங்க?"

நாகலெட்சுமி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கொழுந்து நெறையக் கெடைக்கும்னு... போயிட்டோங்க சார்."

'பேராசை. அறியாமை' என்று எழுதி அடிக்கோடு போட்டார் ஜீவராஜ். அவருக்கு எரிச்சலாக வந்தது.

"உசிரை விடக் கொழுந்து பெருசாப் போச்சா? உங்களையெல்லாம் எத்தனை கதை எழுதினாலும் திருத்த முடியாதும்மா!"

ஷாமிலாவுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க பொய் சொல்றாங்க சார். நேத்து நீங்க சத்தம் போட்டீங்களா, சாயந்தரம் பொன்னையா அண்ணன் வந்து, சார் நம்ம கஷ்டத்தைத்தான் எழுதுறாருன்னு சொன்னாரு. காலையில எல்லாரும் கூடுற பெரட்டுல, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா வேலை பிரிக்கிறப்ப, 'எங்க வாய் சும்மா இருக்காதுங்கையா, பங்களாவுக்குத் தூரமா வேற மலை குடுங்க'ன்னு இவங்கதான் கெஞ்சிக் கேட்டாங்க. ஒன்பதாம் நம்பர்தான் இருக்குன்னாரு. குளவி இருக்குன்னு நாங்க எல்லாரும் தடுத்தோம். கேக்கலியே!"

ஜீவராஜின் பேனா அப்படியே நின்றது.

"வாயை மூடு புள்ள," திறக்க முடியாத கண்களோடு குரல் வந்த பக்கம் திரும்பி அதட்டினாள் நாகலெட்சுமி. "இதையெல்லாம் சொல்லி அவரு மனசு சங்கடப்பட்டுச்சுன்னா, அப்புறம் அவருக்கு எழுத வருமா?"