இவண் பாக்கியராஜ்

1992இல் மனைவி அன்னாள் இறந்ததும் அவளுடைய கல்லறையில் பாக்கியராஜ் வாத்தியார் சலவைக்கல் பதித்தார். மேலே அவள் பெயர், நடுவில் இறந்த தேதி, கல் வைத்தவர் என்ற முறையில் அடியில் ‘இவண் பாக்கியராஜ்’.

கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் ஆலைகளின் புகைபோக்கிகள் இருந்தன. சில வருடங்களில் தோட்டத்து வேப்பிலைகளின் நுனி கருகியது. மழைக்கு நத்தைகள் வருவது நின்றது. புகை கலந்த மழை சலவைக்கல்லை அரிக்கும் என்று வேதியியல் வகுப்பில் அவரே நடத்தியிருக்கிறார். அன்னாள் பெயரில் ‘அ’ அழிந்தபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

அந்த வாரம் வீட்டுக் கொல்லையில், அன்னாள் துணி துவைத்த கருங்கல்லில், ஓர் ‘அ’ செதுக்கியதுபோல் இருந்தது.

அடுத்தடுத்த மழைக்காலங்களில் அங்கே ஓர் எழுத்து குறைந்தது. இங்கே ஓர் எழுத்து கூடியது. சொல்ல வீட்டில் யாருமில்லை. தன் வேட்டிகளை வாளியிலேயே அலசிக்கொண்டார்.

2003க்குள் பெயர் முழுதும் வீட்டுக்கு வந்துவிட்டது. தேதியும் கல்லறையில் அழிந்தது. அது மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் மெழுகுவர்த்தியோடு போனார். புதிதாக வந்திருந்த பெயிண்டர், மிஞ்சிய எழுத்துகளுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். ‘இவண்’கூட இல்லை. கல்லில் ‘பாக்கியராஜ்’ மட்டும் பளபளத்தது.

“மழை தின்னது போக இம்புட்டுத்தான் இருந்துச்சுங்கய்யா,” என்றார் பெயிண்டர். “பாக்கியராஜ் உங்களுக்கு என்ன வேணும்?”

வாத்தியார் அந்தப் பெயருக்குக் கீழே மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. அன்னாளோட வீட்டுக்காரரு.”