பன்னிரண்டாவது கவர்

"கையெழுத்துப் போடுங்கண்ணே!"

உதட்டில் சிரிப்பு மாறாமல் பல்லைக் கடித்தாள் வகுப்பு லீடர். டிஸ்மிஸ் அண்ணன் பேனாவைத் தொடவே இல்லை. கையிலிருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லீடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் இன்றைக்கென்று பார்த்தா சொதப்ப வேண்டும்?

எம்.பி.ஏ. இரண்டாம் வருடம், மனிதவளப் பாடத்தின் செய்முறைத் தேர்வு அது. ஓர் ஊழியரை எதிரே உட்கார வைத்து, 'உங்களுக்கு வேலை இல்லை' என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீக்குவது மாணவர். நீக்கப்படுவது எப்போதும் ப்ரொஜெக்டர் ரூம் ஊழியர்தான். வருடா வருடம் பேராசிரியர் அவரைத்தான் பிடித்து உட்கார வைப்பார். அதனாலேயே கல்லூரி முழுக்க அவருக்கு டிஸ்மிஸ் அண்ணன் என்று பெயர். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று காலையிலிருந்து மட்டும் அவருக்குப் பதினோரு தடவை வேலை போயிருந்தது. ஒருத்தன் உட்காரச் சொல்ல மறந்து, நிற்க வைத்தே நீக்கினான். இன்னொருத்தன் கவரைக் கொடுத்த கையோடு, பழக்கதோஷத்தில், "கங்கிராட்ஸ்!" என்றான். அண்ணன் எல்லோரையும் பொறுத்துக்கொண்டார். கவருக்குள் இருந்த வெற்றுத்தாளைப் படிப்பது போல நடித்தார். "சரிங்க, புரியுதுங்க" என்று மனப்பாட வசனத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

லீடர் பன்னிரண்டாவது ஆள். இதில் முதல் மார்க் வாங்குகிறவருக்குத்தான் பேராசிரியர் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார். அதற்காக ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு அண்ணனிடம் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"வேகமா பேசாதீங்க லீடரம்மா. கேக்குறவன் மூச்சு விட நேரம் குடுங்க" என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

அவள் முறை வந்தபோது பேராசிரியர் ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினார். "லெட்டர்ஹெட், சீல் எல்லாம் வெச்சிருக்கேன். நிஜம் மாதிரி இருக்கட்டும். நீ பிரிக்காதே, அவர்கிட்டயே குடு."

எல்லாம் அழகாகத்தான் போனது. உட்காரச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். கவரைக் கொடுத்தாள். அண்ணன் படித்தார். வசனம் வரவில்லை.

"பத்தொன்பது வருஷம்ங்க..." என்றார்.

இது ஒத்திகையில் இல்லாத வசனம்.

"இதை சாரே சொல்லியிருக்கலாமே. அங்கதானே உக்காந்திருக்காரு?" என்று கடைசி பெஞ்சைக் காட்டினார்.

வகுப்பே சிரித்தது. பேராசிரியர் மார்க் ஷீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு இவர் என் மார்க்கில் மண்ணைப் போடுகிறாரே என்று லீடருக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் பாடத்தை விடவில்லை.

"முடிவு எடுத்தாச்சுண்ணே. இதுல பேச ஒண்ணுமில்ல."

பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"சாவி?" என்று கையை நீட்டினாள். அதுதான் கடைசி விதி.

அண்ணன் இடுப்பிலிருந்த கொத்தை எடுத்தார். சைக்கிள் சாவியை மட்டும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சத்தை மேஜைமேல் வைத்தார். வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது. வழக்கமாகக் கும்பிடு போடுகிறவர், அன்று திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. ஆனாலும் லீடருக்கு ஆறவில்லை. நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சாவிக்கொத்தோடு விறுவிறுவென்று போனாள்.

அண்ணன் ப்ரொஜெக்டர் ரூம் வாசலில் பூட்டிய கதவின் முன்னால் நின்றிருந்தார்.

"ஏண்ணே, நல்லா போயிட்டிருந்ததைக் கெடுக்கப் பாத்தீங்களே! நியாயமா இது?"

"தப்புதாம்மா. கொஞ்சம் தடுமாறிட்டேன்" என்றார். "கதவைத் தொறந்து விடுறீங்களா? சாப்பாட்டு டப்பா உள்ள இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுறேன்."

"அதுக்குள்ள எங்க கிளம்புறீங்க?"

அவர் கடிதத்தை நீட்டினார். கல்லூரி முத்திரை. அவருடைய முழுப் பெயர். 'தங்கள் பணியிடம் நீக்கப்பட்டுவிட்டதால் நாளை முதல் வர வேண்டியதில்லை.' கீழே அவளிடம் அவர் போட்ட கையெழுத்து.

லீடர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். "இது நிஜமா? அங்கேயே ஏண்ணே சொல்லலை?"

"உங்க பரீட்சையாச்சேம்மா. ஒரு வாரம் பட்டினி கிடந்து ஒத்திகை பாத்தீங்க. என்னால அது கெட்டுடக் கூடாதில்ல?"

அவள் கதவைத் திறந்துவிட்டாள். திரும்பி ஓடினாள். பேராசிரியர் மார்க் ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"சார்! அது நிஜ ஆர்டரா?"

"மேனேஜ்மென்ட் முடிவும்மா" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "நாலு நாளா கவரைப் பையில வெச்சுக்கிட்டு அலையறேன். அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாய் வரலை."

"நேருக்கு நேர் சொல்லணும்னு வருஷம் பூரா எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே சார்? வெக்கமா இல்ல?"

பேராசிரியர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த நம்பிக்கையிலதாம்மா உன் கையில குடுத்தேன்."