மேல் காடி

“பாய், அந்தக் கோடிப் பலகைக்கு மட்டும் மேல் சட்டத்துல காடி இன்னும் ஆழமா எடுங்க.”

சுகுணாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் மாயவனுக்கு இந்தப் பக்கம், தம்பி நவநீதனுக்கும் அவன் மனைவி சுகுணாவுக்கும் அந்தப் பக்கம். ஒரு புளியமரத்துச் சண்டை, வீட்டையே இரண்டாக்கிவிட்டது.

அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த காவேரிக்குக் கை ஓடவில்லை. மாயவனின் மனைவி, பிள்ளையில்லாதவள். கொழுந்தன் மகள் தமிழ்மணி, இவள் ஊட்டினால்தான் வாயே திறப்பாள். இனி?

“பலகைத் தலை உள்ள உக்கார அரை அங்குலப் பள்ளம் போதும்மா,” என்றார் தச்சர் கவுஸ் பாஷா.

“ரெண்டு மடங்கா எடுங்க. கீழ்க் காடி இருக்கறபடியே இருக்கட்டும்.”

“சரி. மத்த பலகை மாதிரி இதுக்கும் ஓரத்துல நாக்கு விட்டுப் பக்கத்துப் பலகையில சொருகிடவா?”

“நாக்கு வேண்டாங்க பாய். இந்த வூட்டுல ஏற்கெனவே நாக்கு ஜாஸ்தி.”

காவேரிக்குச் சுருக்கென்றது. பாய் சுகுணாவை ஒரு கணம் பார்த்துவிட்டு உளியை எடுத்தார்.

“அவ சொல்றபடியே செய்ங்க பாய்,” என்றான் நவநீதன். “ஒரு எறும்புகூட அந்தப் பக்கம் போவக் கூடாது.”

“உன் வூட்டு எறும்புக்கு இங்க என்னடா வேலை?” என்றார் மாயவன், இந்தப் பக்கத்திலிருந்து.

“ஆணி அடிங்க பாய், நல்லா சத்தமா!” என்றாள் சுகுணா.

டங், டங், டங்.

போன மாதம் வரை ஒரே தட்டில் சாப்பிட்டவள். இவ்வளவு வன்மமா? காவேரி யோசித்துக்கொண்டே நின்றதில் களி அடிப்பிடித்துவிட்டது.

மதியம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பைக்கில், அதே புளியமரத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

களி உருண்டையை வைத்துக்கொண்டு காவேரி தடுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கோடிப் பலகை அசைந்தது. மேல் காடிக்குள் மெல்ல ஏறியது. கீழ்ப்பக்கம் காடியை விட்டு நழுவி விலகியது. அந்தச் சந்தில் ஒரு சின்னத் தலை நுழைந்தது, வாயைத் திறந்தபடியே.

பலகைக்குப் பின்னால் சுகுணாவின் குரல், கிசுகிசுப்பாக:

“சீக்கிரம் ஊட்டுங்கக்கா. ஆணியெல்லாம் மத்த பலகைக்குத்தான். இதுக்கு, சும்மா ஒரு கட்டையில அடிச்சு சத்தம் மட்டும் காட்டுங்கன்னு பாய்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன்.”