வானத்தை நோக்கி

"வானத்தைப் பார்த்துத்தான் சுட்டோம்னு போலீஸ் சாதிக்குது. கல்லெறிஞ்ச கூட்டத்துல ஒருத்தன் தவறிப்போய்க் குண்டு பட்டுச் செத்துட்டானாம். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அம்பத்தூர் கம்பெனி வாசலில் வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் புருஷனைப் பறிகொடுத்த நாகவல்லி, நிருபர் உத்தமனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மேல பாத்துதான் சுட்டாங்க சார்."

உத்தமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நன்றாக மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

"வானத்தைப் பார்த்துச் சுட்டா உங்க வீட்டுக்காரர் முதுகுல எப்படிம்மா குண்டு பாயும்? அவங்க பொய்க்கு நீங்களுமா ஒத்து ஊதறது?"

"இப்படி வெளிய வா சார்."

விருட்டென்று எழுந்து வீட்டு வாசலுக்கு வந்தவள், எதிரே கம்பெனி மதிலுக்கு மேலே உயர்ந்து நின்ற தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். அதில் பாதிக்குத்தான் புதுப் பெயிண்ட் இருந்தது.

"கூட்டத்துக்கும் அவருக்கும் இன்னா சார் சம்பந்தம்? அதோ, அங்க கயித்துல தொங்கிகினு பெயிண்ட் அடிச்சிகினு இருந்தாரு. மேல பாத்து சுட்டானே, மேல ஒரு ஆளு கீறது அவன் கண்ணுக்குத் தெரியலையா?"